லிங்க் தம்பி

விருத்தாசலம் பக்கத்தில் எந்தக் கலைக் கல்லூரிக்குப் போனாலும் வகுப்புக்கு ஒருவர் இப்படிக் கிடைப்பார். பேராசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் கை சட்டைப்பைக்குப் போய்விடும். வாயிலிருந்து பதில் வராது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்து விழும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் பாஸில் வந்து இறங்கும் நம்முடைய பி.காம். மூன்றாமாண்டு மாணவருக்கு நண்பர்கள் வைத்த பெயரே 'லிங்க்'. ஊரில் பெரியவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து 'லிங்கு தம்பி' என்கிறார்கள். ஆயா மட்டும் அது 'லிங்கம்' என்று நினைத்து, விருத்தாசலம் சிவன் பழமலைநாதர் பேராச்சே என்று பூரித்துப் போயிருக்கிறார். யாரும் திருத்தவில்லை.

கல்வியும் தொழில்நுட்பமும் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், கடைவீதி டீக்கடையில் தம்பி கருத்தரங்கமே நடத்திவிடுவார். "படிச்சு மண்டையில ஏத்துறதெல்லாம் பழைய முறைண்ணே. எது எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. கொள்கைக்கு ஏற்ற வாழ்க்கைதான். எது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் தகராறு.

அவருடைய போனுக்குள் ஒரு நூலகமே இருக்கிறது. 'யூனிட் 3 இம்பார்ட்டன்ட்', 'யூனிட் 3 இம்பார்ட்டன்ட் நியூ', 'யூனிட் 3 ஃபைனல்', 'யூனிட் 3 ஃபைனல் இதான்' என்று வரிசையாக பிடிஎஃப் கோப்புகள். அவற்றில் ஒன்று, எப்போதோ படித்துவிட்டுப் போன ஒரு சீனியர் அக்காவின் கையெழுத்து நோட்டை யாரோ போனில் படமெடுத்தது. ஏழாம் பக்கத்தில் படமெடுத்தவரின் கட்டைவிரல் விழுந்து, பேலன்ஸ் ஷீட்டின் மொத்தத் தொகையை மறைத்துக்கொண்டிருக்கிறது. விரலுக்குக் கீழே என்ன தொகை என்று தெரியாமலேயே பல செட் பட்டம் வாங்கிவிட்டது. தம்பியின் போனில் இடம் தீர்ந்தபோது சித்தப்பா கல்யாணப் படங்கள் அழிந்தன. அந்த விரலை அவர் அழிக்கவில்லை.

இதை இன்றைய பிள்ளைகளின் கோளாறு என்று சொல்கிறவர்கள் இந்த மாவட்டத்தின் வரலாறு தெரியாதவர்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியபோது அன்றைய உயர் தொழில்நுட்பம் தபால்காரரின் சைக்கிள். தம்பியின் பெரியப்பா அந்தத் 'தபால் படிப்பில்' சேர்ந்தவர். பார்சல் வந்த நாளில் தெருவே வந்து பார்த்தது. பழுப்புத் தாளைப் பிரித்தால் புத்தகம் அழுக்காகிவிடும் என்று பரண் மேல் வைத்தார், அப்படியே இருக்கிறது. பெரியப்பா பிரிக்காத பார்சலும் தம்பி திறக்காத பிடிஎஃபும் ஒரே வம்சம். என்ன, பார்சலைக் கறையான் கொஞ்சம் படித்திருக்கிறது.

வீட்டில் தொழில்நுட்பத்தின் அடுத்த கட்டத்தைக் கண்டவர் அக்கா. ஜெயலலிதா 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது கணினி வாங்கியவர். அதில் விண்டோஸுடன், மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஒருநாள் தவறுதலாக 'பாஸ்' திறந்துகொண்டது. வைரஸ் வந்துவிட்டது என்று வீடே பயந்து, விருத்தாசலத்தில் ஒரு கடையில் முந்நூறு ரூபாய் கொடுத்து அதை நீக்கிவிட்டு வந்தார்கள். தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருளைக் காசு கொடுத்து விரட்டிய வீடுகளை யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

அக்கா கல்லூரியில் இருந்தபோது கொரோனா வந்தது. எழுதிய விடைத்தாளை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டிய காலம் வருவதற்குச் சற்று முன்னால்தான், 2020 ஜூன் 29-ல், மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் போனதற்குத் தம்பி அழுதார். கேம்ஸ்கேனர் போனதற்கு அக்கா அழுதார். 2021 ஜனவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. அந்த வீட்டில் அதைப் பாதிக்கு மேல் பயன்படுத்தியவர் தம்பி. அக்கா வீட்டில் உட்கார்ந்து தேர்வெழுதி, படமெடுத்து ஏற்றிவிட்டு, அதே தாள்களை உறையில் போட்டு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பினார். ஆன்லைன் தேர்வு என்றால் தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பது என்று அப்பா இன்றைக்கும் நம்புகிறார்.

தம்பியோ வரிசையிலேயே நிற்காமல் கடந்தவர். அப்போது பத்தாம் வகுப்பு. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் வாத்தியார். கேள்வி கேட்காத, பெயர் தெரியாத, முறைக்காத வாத்தியார் என்பதால் அவர் மேல் தம்பிக்குத் தனி மரியாதை. 2021 பிப்ரவரியில் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்கு அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி மட்டும். பேச்சுப் போட்டிகளில் தம்பி, "மதிப்பெண் இல்லாத கல்வியே எதிர்காலம்" என்று முழங்கும்போது அதில் சொந்த அனுபவத்தின் ஈரம் இருக்கும்.

இத்தனை தொழில்நுட்பத்துக்கும் கடைசிப் புகலிடம் ஜெராக்ஸ் கடை. இதை எந்தக் கல்விக் கொள்கையும் எழுதவில்லை. செமஸ்டர் தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் அந்தக் கடை வாசலைப் பார்க்க வேண்டும். மேகத்தில் இருந்ததெல்லாம் அங்கேதான் மழையாக இறங்குகிறது. கடைக்கார அண்ணன் வணிகவியலில் பட்டம் பெற்றவரல்ல. ஆனால் எந்த யூனிட்டில் எந்தப் பத்து மார்க் கேள்வி வரும் என்பதை அவர் அளவுக்குச் சொல்ல யாருமில்லை. "தம்பி, போன வருஷம் எல்லாரும் இதைத்தான் எடுத்தாங்க, வரல. அந்த இன்னொன்ன எடு" என்பார். எடுத்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.

ஆன்லைன் படிப்புகளிலும் தம்பி பின்தங்கியவரல்ல. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல், 2017-ல் வந்த ஸ்வயம் இரண்டிலும் சேர்ந்திருக்கிறார். சேருவது இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம் என்ற ஏற்பாடு அவருக்காகவே செய்ததுபோல் அமைந்துவிட்டது. ரோபாட்டிக்ஸ், தொல்லியல், பங்குச்சந்தை, ஜெர்மன் மொழி என்று பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் முதல் வாரப் பாடத்தில் பேராசிரியர் வணக்கம் சொல்வதுவரை கேட்டிருக்கிறார். வாராந்தர அசைன்மென்டுக்கான விடைகள் டெலிகிராமில் கிடைக்கும் இடமும் தெரியும். அந்த லிங்க்கையும் தேவைப்பட்டவர்களுக்கு அனுப்பிவைத்தார். பிறருக்கு உதவுவதில் குறையே சொல்ல முடியாது.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-ல் வெளியானது. கருவேப்பிலங்குறிச்சிக்கு வந்து சேர அதற்கு அதிக நாள் ஆகவில்லை. இரண்டாமாண்டில் தமிழ்ப் பாடத்துக்கு 'வள்ளுவர் காட்டும் கல்வி' என்று ஒரு கட்டுரை கொடுத்தார்கள். தம்பி இயந்திரத்திடம் கேட்டார், அதுவும் ஆறு பக்கம் பொழிந்தது. கையால் எழுதித்தான் தர வேண்டும் என்பது விதி. எனவே பின்னிரவு வரை உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதினார். தமிழ் ஐயா இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே மேற்கோளாக ஒரு குறள். முதல் சீரே 'தொழில்நுட்பம்'. முதல் அடியில் ஐந்து சீர், இரண்டாம் அடியில் நான்கு. கீழே குறள் எண் 1412.

"ஏம்ப்பா, வள்ளுவர் 1330-ஓட நிறுத்திட்டாருன்னு நெனச்சிருந்தேன். எப்ப ரெண்டாம் பதிப்பு போட்டாரு?"

"ஐயா, அது ஏஐ குடுத்தது."

"அதான பார்த்தேன். வெண்பாவுல தளை தட்டுனா பரவால்லப்பா, இங்க வள்ளுவரே தட்டுறாரு."

உண்மையில் இதற்கு மாற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998-லிருந்து தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் திருக்குறள் உரைகளோடு கிடக்கிறது. ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். ஐயா அந்த முகவரியைச் சொன்னார். தம்பி ஆர்வமாகக் குறித்துக்கொண்டு வகுப்புக் குழுவுக்கு அனுப்பினார். அதோடு அவர் கடமை முடிந்தது.

2025-ல் அதிர்ஷ்டம் கொட்டியது. ஜூலையில் ஏர்டெல் சிம் வைத்திருந்தவர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ ஓராண்டு இலவசம். அக்டோபர் கடைசியில் ஜியோக்காரர்களுக்கு ஜெமினி ப்ரோ. நவம்பரில் சாட்ஜிபிடி கோ. இரண்டு சிம் போனின் புண்ணியத்தில் தம்பியிடம் மூன்றும் சேர்ந்துவிட்டன. இப்போது ஒன்று சொன்னதை மற்றொன்றிடம் காட்டிச் சரிபார்க்கிறார். மூன்றும் ஒரே தப்பைச் சொன்னால் அதைப் பெரும்பான்மைத் தீர்ப்பாக ஏற்றுக்கொள்கிறார்.

தம்பியின் தத்துவம் ஒரே ஓர் இடத்தில்தான் இடறி விழுந்தது: செராமிக். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் பள்ளித் தோழர் அங்கே செராமிக் டிப்ளமோ படிக்கிறார். எந்த வீடியோவையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பது தம்பியின் வழக்கம். அப்படியே ஸ்லிப் காஸ்டிங் வீடியோ ஒன்றைப் பார்த்து முடித்து, "இவ்ளோதானாடா? நாலு நிமிஷம்" என்றார். தோழர் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை, தெரிந்தவர் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் கூழ் மாதிரிக் கரைத்த களிமண்ணை ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரோரமாக மண் கெட்டிப்பட்டுக்கொண்டே வரும். வேண்டிய தடிமன் வந்ததும் மீதியைக் கவிழ்த்து வடிக்க வேண்டும். எப்போது வடிப்பது என்பது அன்றைய வெயில், அச்சு எத்தனை முறை ஊற்றியது, மண்ணின் பதம் எல்லாவற்றையும் பொறுத்தது. அப்புறம் உலர்த்தல், அவசரப்பட்டால் விரிசல். முதல் சூளை, மெருகு, மறுபடி சூளை. தம்பி ஊற்றிய பிள்ளையார் பொம்மையை அவசரமாக வடித்துவிட்டார். அச்சைத் திறந்ததும் பிள்ளையார் மெதுவாகக் குனிந்து, தும்பிக்கையைத் தரையில் வைத்து, படுத்துக்கொண்டார்.

"என்னடா இது?"

"ஒன்றரை மடங்கு ஸ்பீடு மச்சி" என்றார் தோழர்.

அன்றிலிருந்து தம்பியின் உரைகளில், 'செய்முறைப் பாடங்கள் நீங்கலாக' என்று ஒரு வால் சேர்ந்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, இவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டினால் அது அநியாயம். ஒரு அரசுக் கல்லூரி மாணவர் இன்று கல்வியில் தொழில்நுட்பத்தைச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பாடமல்ல, போர்ட்டல். பள்ளியில் எமிஸ் எண், கல்லூரியில் யுமிஸ் எண், கிரெடிட்டுக்கு ஏபிசி ஐடி, 2022-ல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்துக்கு ஒரு லாகின், உதவித்தொகைக்கு ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் ஓடிபி. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருந்து டி.சி.யில் பின்னால் இருந்தால் கணினிக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு மனிதர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய உதவித்தொகைத் திட்டங்கள் இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய் நேரே கணக்குக்கு வருகிறது. வராமல் நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது தனிப் படிப்பு. அதில் லிங்க் தம்பி முனைவர்.

மாலையில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கடைவீதியில் இரண்டு மூன்று பேராவது காத்திருப்பார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு முதல் பட்டதாரிச் சான்று, ஒரு பெரியம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை ஏன் நின்றது என்ற கேள்வி, ஒரு பையனுக்கு மறந்துபோன பாஸ்வேர்டு. எந்தத் தளம் எந்த நேரத்தில் திறக்கும், எந்தப் படத்தை எத்தனை கேபிக்குச் சுருக்கினால் ஏற்றுக்கொள்ளும், 'பென்டிங்' என்று காட்டினால் கல்லூரி அலுவலகத்தில் நிற்கிறதா வங்கியில் நிற்கிறதா என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனி. இந்த ஒரு விஷயத்தில் அவர் லிங்க் அனுப்புவதில்லை. உட்கார்ந்து, கடைசிப் பொத்தான் வரை அமுக்கிக் கொடுக்கிறார். கூலி ஒரு டீ. அரசும் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவருக்கு உண்மையாகவே கற்றுக்கொடுத்த பாடம் இதுதான். அதற்கு மட்டும் எந்தப் பாடத்திட்டத்திலும் இடமில்லை, கிரெடிட்டும் இல்லை.

இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவிப்பு வந்த அன்று தம்பி பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. "அதுக்கு ஒரு போர்ட்டல் வரும்" என்றார்.

ஆகவே, உங்கள் வீட்டில் யாருடைய விண்ணப்பமாவது எங்காவது சிக்கி நின்றால், காலையில் கல்லூரி பஸ் வருவதற்கு முன் கருவேப்பிலங்குறிச்சி கடைவீதிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், ஓடிபி வரும் போன் மூன்றும் கையில் இருக்கட்டும். திருக்குறள் சம்பந்தமாக மட்டும் அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம்.