மூலையில் நிற்கும் சைக்கிள்

கேள்வி: இலவச சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டு இலவச பஸ்ஸில்தானே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்? அரசுக்கு எதற்கு இரட்டைச் செலவு?
– ஒரு வாசகர், பண்ணைப்புரம்

சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடியும்வரை உங்கள் ஊர் டவுன் பஸ் காத்து நிற்குமா? பீகார் 2006-இல் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணமே கொடுத்தது. (அதுவும் பெரும்பாலும் சைக்கிளாகவே வீடு வந்து சேர்ந்தது!) அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். தூரம்தான் பெண்ணை வீட்டில் உட்கார வைத்தது, பாடப்புத்தகம் அல்ல. தமிழகம் இலவச சைக்கிளை 2001-லேயே ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளிடமிருந்து தொடங்கிவிட்டது.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பைப் பிடிக்க அப்பாதானே அந்த சைக்கிளை ஓட்டுகிறார் என்பீர்கள். ஓட்டட்டுமே, அம்மாவும் எடுப்பாள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் பழகிய பெண்களுக்கு லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சேலைக்கு இடைஞ்சலான முன் பார் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டார்கள்.