குட்டியானையின் கிடந்த கோலம்: உத்திரமேரூர் வட்டாரத்தில் வண்டி தாழ்த்துதல் குறித்த ஆய்வு முன்னோட்டம்

ஓடுகிற வண்டியைத் தரையோடு தரையாக இறக்குவது தகுமா என்ற வினா உத்திரமேரூர் டீக்கடைகளில் நெடுநாளாக அலசப்பட்டு வருகிறது. ஆனால் ஒருவரும் அதை மேற்கோளோடு அலசியதில்லை. மேற்கோள் இல்லாத உண்மை உண்மையாகாது என்பது ஆய்வுலகின் முதல் விதி. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுப்பொருள் ஒரு பழைய டாடா ஏஸ். 2005-இல் சந்தைக்கு வந்த இவ்வண்டியைத் தமிழ்நாடு குட்டியானை என்றே அறியும். உரிமையாளர் எங்கள் பக்கத்துத் தெருவைச் சேர்ந்த இருபத்து நான்கு வயது இளைஞர். அலாய் வீல், நான்கு ஸ்பீக்கர், அடியில் நீல லைட்டு எல்லாம் போட்டு முடித்துவிட்டார். எஞ்சியிருப்பது ‘பாடி டிராப்’. “ஒரு ஜாண் இறக்கிட்டா செம கெத்தா இருக்கும்ணா” என்பது அவருடைய கருதுகோள். ஒரே வரியில் முடிந்துவிடும் கருதுகோளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராது என்பதால் அதை யாம் விரித்தோம்.

வகைப்பாட்டுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. உத்திரமேரூர்ச் சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் மூன்று தளங்களில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் சேவை சாதிக்கிறார். வண்டிக்கும் இம்மூன்றே நிலை. கோயிலில் கிடந்த கோலம் உச்சித் தளத்தில் இருக்க, வண்டியில் அது அடியில் வருகிறதே என்று கேட்பவர்களுக்கு, அது பாடபேதம் என்று சொல்லி மேலே செல்கிறோம்.

நிற்றல்: ஷோரூமிலிருந்து வந்த உயரம். இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இருத்தல்: குட்டியானைக்கு முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். யூ போல்ட்டைத் தளர்த்தி, சென்டர் போல்ட்டைக் கழற்றி, கட்டிலிருந்து இரண்டு பட்டையை உருவினால் வண்டி உட்கார்ந்துவிடும். மிச்சப் பட்டைகள் மொத்தச் சுமையையும் தாங்க வேண்டிவரும். கல்குவாரி டிப்பர்கள் உழுதுபோட்ட புக்கத்துறை ரோட்டில் எந்தப் பள்ளத்தில் மெயின் பட்டை முறியும் என்பது மட்டுமே அதன்பின் எஞ்சும் கேள்வி. முறிந்தால் செலவில்லாமல் இன்னும் இரண்டு இஞ்ச் இறங்கும் என்பது பட்டறை வழக்கு (பட்டறைச் சுவர், கரிக்கட்டி எழுத்து, வரி 3).

கிடத்தல்: இதுவே பாடி டிராப். தரைத்தகட்டை அறுத்து, கேபினையும் தொட்டியையும் சேஸிஸின் மேல் அப்படியே அமுக்கி, கதவின் கீழ்விளிம்பும் சேஸிஸின் அடியும் ஒரே மட்டத்துக்கு வரும்படி வெல்டிங் வைப்பது. மூக்கு நீண்ட பிக்கப் வண்டிகளில் வெளிநாட்டார் இதைச் செய்கிறார்கள். குட்டியானைக்கு மூக்கு இல்லை. 702 சிசி என்ஜின் சீட்டுக்கு அடியில் குடியிருக்கிறது. கேபின் ஒரு ஜாண் இறங்கினால் என்ஜின் ஒரு ஜாண் மேலே வரும், ஓட்டுநர் அதன்மேல் அமர்ந்து ஓட்ட வேண்டும். மார்கழியில் இது வசதியாகக்கூட இருக்கலாம்.

இங்கே ஒரு கணக்குப் பூசலைத் தீர்க்க வேண்டும். இவ்வண்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 160 மில்லிமீட்டர். ஒரு ஜாண் என்பது 9 அங்குலம், ஏறத்தாழ 23 சென்டிமீட்டர். 16-இல் 23 போனால் மைனஸ் 7. ஆகவே வண்டி 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழுதுகொண்டே போகும், நாற்றங்காலுக்கு அது போதும் என்று ஒரு சாரார் நிறுவியுள்ளனர் (டீக்கடைப் பெஞ்சு மரபு, காலைப் பிரிவு, மாலைப் பிரிவினர் இதை ஏற்பதில்லை). இது பொருந்தாது. அந்த இடைவெளி அளக்கப்படுவது அடியில் தொங்கும் டிஃபரன்ஷியலிலிருந்து. அது ஆக்ஸிலோடு சேர்ந்தது, ஆக்ஸில் டயரோடு சேர்ந்தது. பட்டையை உருவினாலும் பாடியை அமுக்கினாலும் அது மயிரிழையும் இறங்காது. இறங்குவது மேலே இருப்பவை. நான்கு ஆண்டு ஆராயாமலே டிங்கர் மேஸ்திரி இதை பீடி பற்றவைக்கும் நேரத்தில் சொன்னார். அவருக்கு நெறியாளர் இல்லை.

வேகத்தடைக்கும் ஓர் இலக்கணம் உண்டு: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம் என்கிறது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். விபத்து நடந்த மறுநாள் இரவு மிச்சத் தாரில் எழுகிற எங்கள் வேகத்தடைகள் அந்த நூலைப் படித்ததில்லை.

சரி, இறக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் அதிகாரம் யாருக்கு? உத்திரமேரூரில் எலிப்பொறியை ஆராய்ந்தாலும் நடுப்பக்கத்தில் குடவோலை வரவேண்டும். இல்லையேல் எந்தக் கருத்தரங்கும் கட்டுரையைத் தொடாது. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கின்றன. மேடைதோறும் இதை உலகின் முதல் மக்களாட்சி என்று முழங்கும் அறிஞர்கள், கால்வேலிக்கு மேல் சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்ற வரி வரும்போது மட்டும் தண்ணீர் குடிப்பார்கள். வயது வரம்பு முதல் கல்வெட்டில் 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 ஆயிற்று. யாருக்கு அறுபது நிறைந்ததால் இத்திருத்தம் வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

எமக்கு வேண்டியது அதன் விலக்குப் பட்டியல். கழுதை ஏறியவர்களுக்கு வாரியத்தில் இடமில்லை என்கிறது அது. குற்றம் செய்தவரைக் கழுதைமேல் ஏற்றும் தண்டனையை இது குறிக்கிறது என்பர் வரலாற்றாசிரியர். எளிய விளக்கம், ஆகவே ஐயத்துக்குரியது. குதிரையைவிடக் கழுதையின் முதுகு தாழ்வு, ஏறியவர் கால் தரையில் தேயும். எனவே பத்தாம் நூற்றாண்டிலேயே தாழ்ந்த வாகனத்தை உத்திரமேரூர்ச் சபை கல்லில் வெட்டி விலக்கியிருக்கிறது என்பதும், அங்ஙனம் விலக்க வேண்டிய அளவுக்கு அன்றே இங்கு தாழ்த்தும் மோகம் தலைவிரித்தாடியது என்பதும், ஆகவே இக்கலை இங்கிருந்துதான் உலகுக்குப் போயிற்று என்பதும் பெறப்படும் (ஒப்புநோக்குக: பேருந்து நிலையச் சலூன், நாளிதழ்க் கட்டு, கிழிந்த நாலாம் தாள், இரண்டாம் மடிப்பு, சவரநுரை பட்டு எழுத்தழிந்த பகுதியிலேயே எம் சான்று இருந்தது, அதைப் பார்த்தவர் மொட்டை போட வந்தவர், திருத்தணிக்குப் போய்விட்டார்). இதை யாராவது மறுத்தால் காலத்தை இன்னும் ஐந்நூறு ஆண்டு முன்னுக்குத் தள்ளுவோம். அதற்கான நடைமுறைகள் நம் துறையில் நன்கு வளர்ந்துள்ளன.

விதிகளை இளைஞருக்குப் பொருத்தினோம். வயது 24, தள்ளுபடி. அலாய் வீலுக்கு என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டதற்கு இதுவரை கணக்குக் காட்டவில்லை. கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவர் தகப்பனையும், தாயுடன் பிறந்தவனையும், அக்காள் புருஷனையும், இன்னும் ஒரு கல்யாண மண்டபம் கொள்ளும் உறவையும் கல்வெட்டு விலக்குகிறது. ஆகவே வேண்டாமென்று தடுத்த அப்பாவும் பணம் தருவதாகச் சொன்ன தாய்மாமனும் ஒரே வரியில் அடிபட்டனர். எஞ்சியது ஓலை எடுப்பதுதான். அதை விவரம் அறியாத சிறுவனே எடுக்க வேண்டும். இவ்விவகாரத்தில் அத்தகுதி உடையவர் வண்டியின் உரிமையாளர் ஒருவரே.

சட்டம் சுருக்கமானது. தயாரிப்பாளர் தந்த வடிவத்தை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவ்வாண்டே வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்றது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பட்டை உருவினால் மாற்றம் ஒன்றா நான்கா என்பதற்கு உரையாசிரியர் எவரும் உரை செய்திலர்.

இப்பூசல் தீராதிருக்கச் சம்பா அறுவடை வந்தது. வண்டி நெல் கொள்முதல் நிலையத்து வரிசையில் நின்றது. மூட்டைக்கு 40 கிலோ, வண்டியின் தாங்குதிறன் 750 கிலோ, ஆகப் பதினெட்டு மூட்டை. பத்தொன்பதாவது மூட்டைக்கு நூல் ஆதாரம் இல்லை, உலக வழக்கு உண்டு. உலக வழக்கின்படி முப்பது மூட்டை ஏறியதும் பட்டைகள் நிமிர்ந்து, மட்கார்டு டயரைத் தொட, இளைஞர் கேட்ட அதே உயரத்துக்கு வண்டி இறங்கியது. அறுப்பில்லை, வெல்டிங் இல்லை, மேலும் வாடகை வந்தது. மூட்டையை இறக்கியதும் வண்டி எழுந்தது. காசுள்ளவர்கள் பலூனும் கம்ப்ரஸரும் வைத்துப் பெறுகிற ஏர் சஸ்பென்ஷன் இதற்குமேல் எதையும் செய்வதில்லை. இளைஞர் பக்கவாட்டில் நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டார்.

முப்பது மூட்டையோடு அது கிடந்த கோலமா, இருந்த கோலத்தின் உட்பிரிவா என்பதில் எமக்கும் எடைபோடுபவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் தரப்பு வாதம்: “வண்டிய எடுப்பா, பின்னால டிராக்டர் நிக்குது.”