தராசுல வை, அப்புறம் பேசு

வாடா கண்ணு, திண்ணையில குந்து. பையில இன்னா கனமா தொங்குது, ஆம்ப்ளிஃபயர் சாமானா? காட்டு. ஐசி, ஹீட் சிங்க், நீலமா எரியற எல்ஈடி, ஜிகுஜிகுன்னு முகப்பு... எல்லாம் ரிச்சி தெரு சரக்கு. பேஷ். ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் மிச்ச துட்டுல வாங்கிட்டியா? ரொம்ப சரி. கல்யாணத்துக்குப் பந்தல், பாண்டு, ஃப்ளெக்ஸ் எல்லாம் வெச்சிட்டு, மிச்சம் இருந்தா அரிசி வாங்கலாம்னு இருந்தானாம் ஒருத்தன். நீ அவனுக்கு ஒண்ணு விட்ட தம்பி.

நாப்பது வருசமா இந்தப் படப்பையில கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டினவன் நான். நெல்லு போட்ட நிலத்துல ஃபேக்டரி வந்ததும் மோட்டாரும் கம்மியாச்சு, என் கண்ணும் கம்மியாச்சு. புத்தி மட்டும் கம்மியாகல. அதான் சொல்றேன், கேளு.

இன்னா ஐசி? 4440-ஆ. போர்டு மேல "200 வாட்"னு அச்சடிச்சிருக்கான். அச்சுக்கு இன்னா, மை இருக்கிற வரைக்கும் அடிப்பான். அந்த ஐசியைச் செஞ்சவனே போட்டிருக்கிற கணக்கு, ஸ்டீரியோவுல ரெண்டு பக்கமும் ஆறு ஆறு வாட், பிரிட்ஜுல கட்டினா 19 வாட். மீதி 181 வாட்டை நீதான் வாயால கத்தணும்.

அது சரி, பகல்ல நீ இன்னா வேலை பண்றே? ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2014-ல மூடிட்டுப் போன வளாகத்துல, இப்ப சார்ஜர் செய்யற லைன்ல நிக்கறே. உள்ளங்கைக்குள்ள அடங்கற சார்ஜர். அதுக்குள்ளயும் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் கீது, புளியங்கொட்டை கணக்கா. அதைப் பாத்துப் பாத்து, இதுவும் சின்னதா இருந்தா போதும்னு நெனச்சிட்டே போல. அங்க கரண்டு நொடிக்குப் பல்லாயிரம் தடவை புரளுது. தடவைக்குக் கொஞ்சங் கொஞ்சமா அள்ளி ஊத்தறதால சின்ன கரண்டி போதும். வீட்டு லைன்ல நொடிக்கு 50 தடவைதான். அவ்ளோ நிதானமா அள்ளறவனுக்கு அண்டா வேணும். அண்டான்னா இரும்பும் தாமிரமும். எடை இல்லாம இந்த வேலை நடக்காது.

இரு, ஒயரைப் பாப்போம். 12-0-12. மூணு ஒயர். நடு ஒயர் எதுக்குன்னு தெரியலன்னு அதைச் சுருட்டி டேப் போட்டுட்டு, ரெண்டு ஓரத்தையும் நாலு டையோடு பிரிட்ஜுல குடுத்தான் மேட்டுத் தெரு பையன். ஓரத்துக்கு ஓரம் 24 வோல்ட். டையோடு தாண்டி கெபாசிட்டர்ல ஏறும்போது ஒண்ணே கால் அரைக்கால் மடங்குக்கும் மேல, 1.41. ஆக 33 வோல்ட்டுக்கு ஒட்டி வந்து நின்னுது. 4440-க்கு உச்சவரம்பு 18. பாட்டு வரல, புகை வந்துது. சாம்பிராணின்னு அவன் பாட்டி கும்புட்டுக்கிச்சு.

நீ ஓரத்துக்கு ஒரு டையோடு போட்டு, நடு ஒயரை மைனஸ்ல குடு. அப்ப 16 வோல்ட் சொச்சம். சரியா வருதேன்னு சிரிக்காதே. அது 230-க்குப் போட்ட கணக்கு. நடு ராத்திரி லைன் 250-க்கு எகிறினா 17 அரையைத் தாண்டும். பாட்டை நிறுத்திட்டு சும்மா வெச்சிருந்தா, இழுக்க ஆளில்லாம இன்னும் ஏறும். 16 வோல்ட் கெபாசிட்டர் போட்டிருப்பியே, மலிவா கெடச்சிருக்குமே. தீபாவளிக்கு எடுத்து வை. 25-க்குக் கம்மியா போடாதே.

இப்ப அந்த ட்ரான்ஸ்ஃபார்மரைக் குடு. ஸ்டிக்கர்ல 5 ஆம்ப். ஸ்டிக்கர் ஒட்டறவன் தர்மவான்டா, எத்தினி ஆம்ப் கேட்டாலும் ஒட்டிக் குடுப்பான். பக்கத்து மளிகைக் கடையில தராசுல வை. நெசமான 12-0-12, 5 ஆம்ப்னா 24 பெருக்கல் 5, 120 வி.ஏ. ரெண்டு கிலோவுக்குக் கிட்டத்தட்ட நிக்கணும். உன்னுது ஒரு கிலோவே தாண்டல. காயில் முனையைப் பிளேடால சுரண்டு. பாத்தியா, மேல தாமிர கலர் வார்னிஷ், உள்ள வெள்ளையா அலுமினியம். அதே கனத்துக் கம்பின்னா தாமிரத்துல மூணுல ஒரு பங்கு எடைகூட இருக்காது, தடை மட்டும் ஒண்ணரை மடங்குக்கும் மேல. அலுமினியத்துலயும் ஒழுங்கா கட்டலாம், கம்பியைத் தடிச்சு போட்டு. ஆனா கலர் பூசி மறைக்கிறவன் கம்பியைத் தடிச்சா போட்டிருப்பான்?

தராசையும் நம்பலையா? நல்லது. கார் செய்யற ஊர்ல இருக்கோம், ஒரகடம் ரோட்டுல எந்த மெக்கானிக் கடையிலயும் பழைய ஹெட்லைட் பல்பு கெடைக்கும். 60/55 வாட்டுன்னு போட்டிருக்கும். அதுல 60 வாட் இழை 12 வோல்ட்டுல சுமாரா 5 ஆம்ப் இழுக்கும். நடு ஒயருக்கும் ஒரு ஓரத்துக்கும் நடுவுல அதை மாட்டு, மீட்டரை ஏசியில வை. சும்மா இருக்கையில 13 காட்டினா குத்தமில்ல. பல்பு எரியும்போது 12-ஐ ஒட்டி நிக்கணும். 10-க்குக் கீழ விழுந்தா ஸ்டிக்கரைக் கிழிச்சிடு. அரை மணி எரியவிட்டு, பிளக்கைப் புடுங்கிட்டு, இரும்பு மேல கையை வை. பத்து எண்ற வரைக்கும் வெச்சிருக்க முடியணும். மூணுலயே கையை ஒதறினா, அது ட்ரான்ஸ்ஃபார்மர் இல்ல, இஸ்திரிப் பெட்டி.

இன்னா சொல்றே, டொராய்டு வாங்கிடலாமா? வளையம் நல்ல சாதிதான். 1831-ல ஃபாரடே இந்த வித்தையை ஆரம்பிச்சதே இரும்பு வளையத்துல கம்பி சுத்தித்தான். உர்ருனு இரைச்சல் கம்மியா வரும். ஆனா நடு ஓட்டையில போற போல்ட்டு, அடியிலயும் மேல் மூடியிலயும் ரெண்டு பக்கமும் தகரத்துல பட்டுதுன்னா, அந்தப் பெட்டியே ஒரு சுத்து காயிலாயிடும். ஃப்யூஸ் போகும், இல்லன்னா காயில் போகும். அதை மாட்டற பக்குவம் வர்ற வரைக்கும் சதுரக் கட்டையே போதும் உனக்கு.

ஏன் தாத்தா இவ்ளோ அக்கறைன்னு பாக்கறியா? ஆடி மாசம் கூழு ஊத்தறப்ப நீ பாட்டு போடுவே. உன் வீட்டுக்கும் என் கட்டிலுக்கும் நடுவுல ஒத்தச் சுவருதான். பாட்டுன்னா தூங்கிடுவேன். உர்ருன்னா தூங்க முடியாது.

ஒரு விசயம். பரண் மேல ஒண்ணு கீது. என் கையால கட்டினது, 10-0-10, 5 ஆம்ப், அசல் தாமிரம். 10-ன்னு மொகம் சுளிக்காதே. டையோடு தாண்டினா 13 அரைக்குக் கிட்ட வரும், 4440-க்குச் செஞ்சவன் சொன்னது 13.2. லைன் எகிறினாலும் 18-ஐத் தொடாது. விலையா? ஊருக்கு ஒரு விலை, உனக்கு ஒரு விலை. உன் விலை கொஞ்சம் கூட. இவ்ளோ நேரம் பாடம் சொன்னேனே, அதுக்குக் கூலி யாரு தருவா?

இன்னாடா, எழுந்து எங்க போறே? மெக்கானிக் கடைக்கா, பல்பு வாங்கவா? படவா, என் சரக்கையே சோதிக்கப் போறியா? போ, போ. வர்ற வழியில அந்தத் தராசையும் கேட்டு வாங்கினு வா.