பொன்னாடை மகா யாகம்

ஆதம்பாக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை பொன்னாடை யாகம் நடக்கிறது. ஒன்று குடியரசு தினத்தன்று, மற்றொன்று சுதந்திர தினத்தன்று. யஜமானர், குடியிருப்போர் சங்கத் தலைவர். மந்திரம் சொல்பவர், மைக் பிடித்த செயலாளர். யாகசாலை, வாட்ச்மேன் அறைக்கு முன்னால் ஷாமியானா போட்ட இடம். யாகப் பசு, தெருவைக் கூட்டும் அம்மா.

விதிமுறை இது. முதலில் கொடியேற்றம். அடுத்து, "நம்ம தூய்மைப் பணியாளர் அம்மா மேடைக்கு வரவும்" என்று அழைப்பு. ஏழு வருடமாகக் குப்பை கொடுத்தவர்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. பேட்டரி வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவர் வருவார். மலிவான சரிகைச் சால்வை ஒன்று தோளில் விழும். தலைவர் கண்ணை மூடிவிட்டதால் போட்டோவுக்காக இன்னொரு முறை விழும். ஒரு லட்டு, காகிதக் கப்பில் காபி. கைதட்டல். பத்து நிமிடம் கழித்து மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல்: "ஏம்மா, இன்னிக்கு எங்க வீட்டுக் குப்பைய எடுக்கலையே!" யாகம் இனிதே நிறைவுற்றது.

இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால், ஒரு மனிதரைச் சடங்கு செய்து உயர்த்துவது எப்படி என்பது நமக்குத் தெரியாத வித்தையா என்ன? பல நூற்றாண்டுகளாகச் செய்துகாட்டியிருக்கிறோம்.

சிவாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைகளைப் பிடித்தாயிற்று, முகலாயர்களைத் திணறடித்தாயிற்று. முடிசூடலாம் என்றால், "நீ க்ஷத்திரியனா?" என்று கேட்டார்கள் பண்டிதர்கள். காசியிலிருந்து காகபட்டர் என்ற பண்டிதர் வந்தார். மேவாரின் சிசோதியா ராஜபுத்திரர்கள் வரை போகும் வம்சாவளி கிடைத்தது. நாற்பத்து நான்கு வயதில் பூணூல் போட்டார்கள். ஏற்கெனவே மணந்த மனைவியரையே மறுபடி வைதிக முறைப்படி மணக்க வைத்தார்கள். 1674 ஜூன் 6ஆம் தேதி ராய்கட்டில் அவர் சத்ரபதி ஆனார். துலாபாரத் தங்கம் அந்தணர் வீடுகளுக்குப் போனது. அதுவரை இடம் கொடுக்காத சாஸ்திரம், தராசுத் தட்டில் தங்கம் ஏறியதும் இடம் கொடுத்தது.

நம் ஊர் ராஜாக்கள் இன்னும் தேர்ந்தவர்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசலூர் கோயில் கல்வெட்டில், ராஜராஜ சோழன் துலாபாரம் ஏறியதும், அவன் தேவி ஹிரண்யகர்ப்பத்துக்குள் புகுந்து வந்ததும் பதிவாகியிருக்கின்றன. ஹிரண்யகர்ப்பம் என்றால் பொன்னால் செய்த கருப்பை. திருவிதாங்கூரில் தாமரை வடிவில் பெரிய தங்கப் பாத்திரம் செய்து, அதில் பஞ்சகவ்யம் ஊற்றி, மன்னரை உள்ளே இறக்கி மூடுவார்கள். வெளியே வரும்போது அவர் மறுபிறவி எடுத்த க்ஷத்திரியர், குலசேகரப் பெருமாள். பாத்திரம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, மீண்டும் அந்தணர் வீடுகளுக்கு. மார்த்தாண்ட வர்மாவும் இப்படித்தான் இரண்டாம் முறை பிறந்தார்.

எந்தச் சடங்கையும் எடைபோட ஒரு கேள்வி போதும். முடிந்த பிறகு யார் வீட்டுக்கு என்ன போனது? ராஜாவுக்குப் பட்டம், புரோகிதருக்குப் பொன். சடங்கு உண்மையிலேயே வேலை செய்தது.

அதே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் பொன் கேட்கவில்லை, பசு கேட்கவில்லை. மார்பை மறைத்துத் தோளில் ஒரு துணி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். 1820களிலிருந்து அந்தத் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலையில் மன்னர் பிரகடனம் வந்தது: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது! ராஜா க்ஷத்திரியராவதற்கு ஒரு முழுக்குப் போதும். குடிமகள் மனுஷியாவதற்கு நாற்பது ஆண்டும், அதிலும் ஒரு நிபந்தனையும்.

தோளில் கிடக்கும் துணிக்கு அந்தஸ்து இருந்த காலத்தில் அதைப் பிடுங்கிக் கிழித்தோம். அதற்கு ஒரு மதிப்பும் இல்லாத இந்தக் காலத்தில், கூப்பிட்டுப் போர்த்துகிறோம்.

அடிமைகளை விற்று வாங்கிய பழைய ரோமாபுரிகூட இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானது. நீதிபதி முன்னால் அடிமையை ஒரு கோலால் தொடுவார்கள். விடுதலை பெற்றவன் தலையில் கம்பளித் தொப்பி ஏறும். அந்தத் தொப்பியோடு அவன் ரோமக் குடிமகன். அதற்குப் பின் பிறக்கும் பிள்ளைகள் பிறவியிலேயே சுதந்திரர்கள். போட்டோ எடுக்க ஆளில்லாததால், உரிமையையே கொடுத்துத் தொலைத்தார்கள் போலிருக்கிறது.

நம்மிடம் கேமரா இருக்கிறது. 2019 பிப்ரவரி 24ஆம் தேதி பிரயாக்ராஜ் கும்பமேளாவில் ஐந்து துப்புரவுப் பணியாளர்களின் கால்களைப் பிரதமரே கழுவித் துடைத்தார், சால்வை போர்த்தினார். நாடே நெகிழ்ந்தது. மலக்குழியில் ஆளை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013ஆம் ஆண்டே வந்துவிட்டது, இறக்குவதுதான் நிற்கவில்லை. கழுவ வேண்டியிருந்தது கால்களையா?

தமிழ்நாடு சளைத்ததா? 2020இல், கொரோனா காலத்தில், துப்புரவுப் பணியாளர்கள் 'தூய்மைப் பணியாளர்கள்' ஆனார்கள். தெருத்தெருவாக மாலை, பாதபூஜை, கைதட்டல். 2025 ஆகஸ்ட் 1 முதல் அதே தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை தனியாருக்குப் போகிறது, மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிய நாங்கள் இனிச் சுமார் 17,000 வாங்க வேண்டுமா, எங்களை நிரந்தரமாக்குங்கள் என்றார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். பதின்மூன்று நாள் நடைபாதையில் கிடந்தார்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்தது. கொரோனாவில் பூ விழுந்த தோள்களைப் பிடித்து இழுத்து பஸ்ஸில் ஏற்றினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. கேட்டது வேலை, கிடைத்தது டிபன். அதற்கும் மறுநாள் சுதந்திர தினம். ஊரெங்கும் பொன்னாடை யாகம்.

ஆதம்பாக்கத்துக்கும் ஒரு பட்டாபிஷேகம் நடந்திருக்கிறது. 2011இல் ஆலந்தூர் நகராட்சியோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் நுழைந்தோம். ஒரே ஆணையில் நாம் மாநகரவாசிகள் ஆனோம். மனையின் விலை ஏறியது, நம் தோரணையும் ஏறியது. ஆணை என்ற ஒன்றுக்கு என்ன சக்தி என்று நமக்கு நன்றாகவே தெரியும். அந்த அம்மாவுக்குக் கொடுக்கும்போது மட்டும் சால்வையாகக் கொடுக்கிறோம்.

இந்த நாட்டில் தூய்மைப் பணியாளர்களுடைய மதிப்பை நிச்சயமாக ஏற்றும் சடங்கு ஒன்றே ஒன்றுதான்: சாவு. சாக்கடையில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம், 2014இல். 2023இல் அதை 30 லட்சமாக்கியது. உயிரோடு இருக்கும்போது மாதம் ஆறாயிரம் ரூபாயை வெட்டப் பார்ப்போம், செத்தால் லட்சங்களை அறிவிப்போம். அதையும் வாங்க விதவை எத்தனை படி ஏற வேண்டும் என்பது தனிக் கதை.

"நல்ல மனசோடதானே சார் சால்வை போடறோம், அதையும் குத்தம் சொன்னா எப்படி?" என்று சங்கச் செயலாளர் கேட்பார். நல்ல மனசு இருக்கட்டும் சார். நிரந்தரப் பணி கேட்டு அடுத்த முறை அவர்கள் உட்காரும்போது, சங்கத்தின் லெட்டர்பேடில் ஆதரவுக் கடிதம் ஒன்று எழுதுவீர்களா? "அது பாலிடிக்ஸ் ஆச்சே" என்பார்.

கோட்டையில் கேட்டால் வேறு மந்திரம்: "நிதி நிலைமை இடம் கொடுக்கவில்லை." இதையேதான் அன்றைய பண்டிதர்களும் சொன்னார்கள், சாஸ்திரம் இடம் கொடுக்கவில்லை என்று. வேண்டியவர் வந்து நின்றபோது வம்சாவளி கிடைத்தது, முகூர்த்தம் கிடைத்தது, தங்கப் பாத்திரமும் கிடைத்தது. இடம் கொடுக்காத சாஸ்திரம் என்று ஒன்று இந்த நாட்டில் எப்போதும் இருந்ததில்லை. ஆளைப் பார்த்து இடம் கொடுக்கும் சாஸ்திரம்தான் இருந்தது, இருக்கிறது.