மாப்பிள்ளை கேட்ட பரண்

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவருக்கு ஜார்ஜியாவில் மாப்பிள்ளை. ரஷ்யாவை ஒட்டிய ஜார்ஜியா அல்ல, அமெரிக்க ஜார்ஜியா. கணினி வேலைக்குப் போன பிள்ளை, ஆபீஸ் சேர்க்கையில் வில் வேட்டைக்குப் பழகிவிட்டார். அங்கே அதற்கு லைசென்ஸ் உண்டு, பருவம் உண்டு. செப்டம்பர் நடுவில் வில்லுக்காரர்களுக்கு முதலில் காட்டைத் திறந்துவிட்டு, துப்பாக்கிக்காரர்களைப் பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். அந்தப் பருவத்துக்கு முன்னால் ஒருநாள் மாமனாருக்கு வாட்ஸாப்பில் வரிசையாகப் படங்கள் வந்து விழுந்தன. கடைசியில் ஒரு கேள்வி: "மரத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா மாமா? இதுல எதை வாங்கலாம்?"

படங்களில் இருந்தவை எல்லாம் பரண்கள்.

வில் வேட்டைக்குப் பரண் இல்லாமல் ஆகாது என்றில்லை. ஆனால் இருந்தால் நல்லது. எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் மான் இருபது முப்பது கஜத்துக்குள் வந்தால்தான் அம்பை விடுவார். அத்தனை கிட்டத்தில் தரையில் நின்றால் மான் மோப்பத்தில் கண்டுபிடித்துவிடும். அதனால் பதினைந்து இருபது அடி உயரத்தில் மரத்தோடு ஒட்டி உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, விடிவதற்கு முன்பிருந்தே அசையாமல் காத்திருக்கிறார்கள். மான் தலைக்கு மேலே அவ்வளவாகப் பார்க்காது என்பது கணக்கு. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் மேலேறி உட்கார்ந்ததில் மான்களும் அண்ணாந்து பார்க்கப் பழகிவிட்டன என்று புலம்புகிறவர்களும் அங்கே உண்டு.

நம் ஊர்ச் சோளக்கொல்லைப் பரணில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. நாலு கால், குறுக்கே கம்பு, மேலே கீற்று, கையில் கவண். ஜிம் கார்பெட் காலத்து ஷிகாரிகளுக்கும் கயிற்றுக் கட்டிலைக் கிளையில் தூக்கிக் கட்டினால் பரண் ஆயிற்று. ருத்ரப்பிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தைக்காக கார்பெட் 1926இல் ஒரு மாமரத்தில் இரவிரவாகக் காத்திருந்தார். எந்த மாடல் என்று கேட்க அவருக்கு மாமனாரும் இல்லை, வாட்ஸாப்பும் இல்லை.

இப்போது நாலு வகை இருக்கிறது. தோப்புக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்யத் தொடங்கினார்.

முதலாவது ஏணியோடு சேர்ந்த பரண். ஏணியை மரத்தில் சாய்த்து வாரால் இறுக்கிவிட்டால் உச்சியில் ஆசனம் தயார். ஏறுவது சுலபம். ஆனால் முழுக்க இரும்பு. இருபது கிலோவில் தொடங்கி நாற்பதைத் தாண்டியும் போகும். "இதைத் தூக்கிட்டுப் போக டாடா ஏஸ் வேணும் மாப்ள" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இரண்டாவது, தொங்கு பரண். கால் வைக்க ஒரு தட்டு, உட்கார ஒரு சின்னப் பலகை, அடிமரத்தோடு இறுக்க வார். ஐந்தாறு கிலோதான். சிக்கல் என்னவென்றால், இருபது அடி உயரத்தில் அதை மாட்ட வேண்டும். மாட்ட ஆள் முதலில் மேலே போக வேண்டும். அதற்காகத் தனியாக விற்கிறார்கள் ஏறுகம்புகளை. கை நீளத்துக்கு ஓர் அலுமினியத் தண்டு, அதில் இரண்டு மூன்று மிதிகள், மரத்தைச் சுற்றிக் கட்ட வார். ஒன்றைக் கட்டி அதில் ஏறி நின்றுகொண்டு அடுத்ததைக் கட்ட வேண்டும். மூன்று நாலு கம்பில் பரணுக்கு எட்டிவிடலாம். இறங்கும்போது ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும்.

இதைப் பார்த்ததும் தோப்புக்காரருக்குச் சிரிப்பு. பனையேறிகள் மரத்தில் சாய்த்து வைத்து முதல் மிதியாக ஏறும் முருக்குத்தடி அவர் சிறுவயதில் பார்த்தது. மலைக்காடுகளில் தேன் எடுப்பவர்கள், கணுக்கிளையை நறுக்காமல் விட்ட ஒற்றை மூங்கிலையே ஏணியாக்கி ஏறுவதும் தெரியும். "அதையே நாலு துண்டா அறுத்து, துண்டுக்கு ஒரு வார் போட்டு, துண்டுக்கு ஒரு விலையும் போட்டுட்டான்" என்றார். ஆனாலும் ஆணிக்குப் பதில் வார் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் பல பொதுக் காடுகளில் மரத்தில் ஆணி அடிப்பதோ திருகுமிதி இறக்குவதோ கூடாது. தென்னையில் படி வெட்டினாலும் இதே கதைதான்: காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும், முட்டையிடும், புழு உள்ளே போய்க் குடையும், கொண்டை சாயும்போதுதான் நமக்குச் சேதி தெரியும்.

மூன்றாவதுதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஏறு பரண். இதற்கு ஏணியும் வேண்டாம், கம்பும் வேண்டாம். ஆசனம் தனி, கால்தட்டு தனி. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கம்பிவடம் மரத்தைச் சுற்றி வரும். ஆசனத்தில் பாரத்தைப் போட்டுக் காலால் தட்டை மேலே இழுக்க வேண்டும். தட்டில் நின்று ஆசனத்தை மேலே நகர்த்த வேண்டும். இப்படியே உட்கார்ந்தும் எழுந்தும் இருபது அடி. எடை ஒன்பது கிலோ போல. 1970களில் வந்த ஆரம்பகால மாடல்களில் கால்தட்டு மட்டும்தான். ஏறுகிறவர் மரத்தைக் கட்டிப்பிடித்துத் தம்மைத் தாமே தூக்கிக்கொள்ள வேண்டியிருந்ததாம். அதில் மான் வேட்டையைவிட மரத்தோடு மல்யுத்தம்தான் அதிகம் நடந்திருக்கும்.

இந்த வகைக்கு மரம் நேராக நிற்க வேண்டும், வழியில் கிளை இருக்கக் கூடாது. அமெரிக்கக் காட்டில் அப்படி ஒரு மரம் தேடி அலைகிறார்களாம். தோப்புக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சுற்றிலும் வேறு எதுவும் இல்லை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துத் தென்னைகளை வரிசை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போன பிறகும், மிச்சம் நிற்பவை கிளையில்லாதவைதான். இன்னொரு சௌகரியம், தென்னை வயதானாலும் இடுப்பு பெருக்காது. மற்ற மரங்களில் வாரைக் கட்டி வருஷக்கணக்கில் விட்டால், மரம் பருத்து வாரைத் தின்று அறுத்துவிடும். தென்னையில் அந்தப் பயமில்லை. தோப்புக்காரரின் இடுப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது என்றாலும், இந்தப் பரண்கள் பெரும்பாலும் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்ததைப் படித்து அவர் மிகவும் ஆறுதலடைந்தார்.

மேலே போகப் போக மரம் மெலியும், கம்பிவடம் தளரும், தட்டு முன்பக்கம் சாயும். அதனால் தரையிலேயே முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கிவைத்துத்தான் தொடங்க வேண்டும். அப்புறம் சத்தம். இரும்பு இரும்போடு உரசி ஒரு 'கிணுங்' என்றால் போதும், அன்றைய வேட்டை முடிந்தது. அதற்கென்று விற்கும் ஒட்டுப்பட்டை கொள்ளை விலை. "பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுத்துங்க" என்றார் மாமனார். அமெரிக்க வேட்டைக்காரர்களில் கஞ்சர்கள் செய்வதும் அதுவேதான் என்று பதில் வந்தது.

நாலாவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சேணம் என்று பெயர், பரணே கிடையாது. இடுப்பைச் சுற்றி ஒரு துணித்தூளி, மரத்தில் ஒரு கயிறு, பாதம் ஊன்ற ஒரு பலகைத்துண்டு. மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். இளவட்டங்களிடம் இப்போது இதற்குத்தான் மவுசு. "உக்கார எடமே இல்லாததுக்கு இம்புட்டுக் காசா?" என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

இத்தனையும் பார்த்தவருக்குத் தமக்கும் ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றியது இயற்கை. கடலைக் கொல்லையில் மயில் இறங்கி விதையைக் கிளறுகிறது. விராலிமலையில் முருகனுக்குப் பக்கத்தில் இருப்பதோடு நிற்பதில்லை. வேனலில் தண்ணீர் தேடிப் புள்ளிமான் ஊருக்குள் வருகிறது. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் தாராளமானது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது எல்லாம் வேட்டை. அதற்கு முயல்வதும் வேட்டை. கையில் வில்லோடு தைலமரத்தில் ஏறி அமர்ந்து, "சும்மா காத்து வாங்குறேன்" என்று வனக்காவலரிடம் சொன்னால் எடுபடாது. காட்டுப்பன்றிக்குக்கூட, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுட 2025 தொடக்கத்தில் தமிழக அரசு வழி செய்தது வனத்துறை ஆட்களுக்குத்தான், தோப்புக்காரர்களுக்கு அல்ல.

வல்வில் ஓரி நல்லவேளை முன்னாலேயே பிறந்துவிட்டார். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றுப் புலவர் அவரைப் பாடியிருக்கிறார். இன்றைய கணக்கில் யானை, புலி, உடும்பு மூன்றும் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று வருஷம் சிறை. மானும் பன்றியும் இரண்டாம் அட்டவணையில் தனியாக நிற்கின்றன. பாடின புலவரை முதல் சாட்சியாகப் போட்டிருப்பார்கள்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு மரமேறி வேட்டையாட வேண்டிய அவசியமே அந்தக் காலத்தில் இருந்ததில்லை. தரையில் நின்றபடி வளரியை வீசினார்கள். பிறை போல வளைந்த அந்த ஆயுதம் சமஸ்தானத்து ஆயுதசாலையில் எப்போதும் இருப்பில் இருந்ததை, 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் காணலாம். தகவல் கொடுத்தவர் புதுக்கோட்டைத் திவான். ஆஸ்திரேலியாவின் பூமராங்குக்கு இது நெருங்கிய உறவு. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்போர்னைச் சேர்ந்த மோலி ஃபிங்கை மணந்துகொண்டதையும், இன்று மாவட்டம் முழுக்க ஆஸ்திரேலியத் தைலமரம் நிற்பதையும் சேர்த்துப் பார்த்தால், கங்காரு ஒன்றுதான் பாக்கி. அந்தத் தைலமரம் ஏறு பரணுக்கு அளவெடுத்து வளர்த்ததுபோல நேராக நிற்கிறது என்பது இன்னும் வயிற்றெரிச்சல்.

ஆக, சட்டப்படி மேலே ஏறி எதையாவது வீழ்த்தலாம் என்றால் தேங்காய் மட்டும்தான். அதற்கும் பரண் உண்டு. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் என்கிற அப்பச்சன், மரமேறும் கருவி ஒன்றைச் செய்தார். செம்பேரி மாடல் என்றே பெயர். கால் ஒன்றுக்கு ஒரு சட்டம், சட்டத்துக்கு ஒரு கம்பிவடம். ஒரு காலைத் தூக்க மறு சட்டம் மரத்தை இறுக்கிப் பிடிக்கும். நின்று ஏறும் இந்த வகையைத் தவிர, உட்கார்ந்து ஏறும் வகையும் புழக்கத்தில் இருக்கிறது. அது ஜார்ஜியாவின் ஏறு பரணேதான், வில் மாட்டும் கொக்கி மட்டும் இல்லை. மரமேற ஆள் கிடைக்காத நிலையில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று ஒரு திட்டம் தொடங்கி, ஆறு நாள் பயிற்சியும் கருவியும் கொடுத்தது.

தோப்புக்காரர் பக்கத்துத் தோப்பிலிருந்து கருவியை இரவல் வாங்கி ஏறிப் பார்த்தார். ஏறிவிட்டார். இறங்கியும்விட்டார். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் அடியில் மாட்டி, இறங்கி, கழற்றி, அடுத்ததற்குச் சுமந்து, மறுபடி மாட்டுவதற்குள், வழக்கமாகத் தேங்காய் வெட்ட வருகிறவர் காலில் கயிற்றைப் போட்டுக்கொண்டு அந்த வரிசையையே முடித்துவிட்டுப் பீடி பற்ற வைத்திருந்தார். வேட்டைக்காரன் ஒரு மரத்தில் ஏறி ஒரு நாள் உட்காருகிறான். தேங்காய்க்காரன் ஒரு நாளில் எத்தனையோ மரம் ஏறுகிறான். ஒரே கருவி இருவருக்கும் எப்படி ஒத்துவரும்?

மாப்பிள்ளை அனுப்பியதில் தோப்புக்காரர் உண்மையாகவே பொறாமைப்பட்டது பெல்ட்டைப் பார்த்துத்தான். தோள், மார்பு, தொடை என்று உடம்பு முழுக்க வரும் வார்க்கச்சை. அங்கே விழுகிறவர்களில் நிறையப் பேர் ஏறும்போதோ இறங்கும்போதோ, கம்பிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதோதான் விழுகிறார்கள். அதனால் தரையில் கால் இருக்கும்போதே மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். வில்லைக்கூட, மேலே போய்க் கச்சையைக் கட்டிய பிறகு கயிற்றால்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். தோப்புக்காரர் அதே மாதிரி ஒன்று தருவித்துத் தேங்காய் வெட்டுகிறவரிடம் நீட்டினார்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தாங்க இருக்கு. மேல கதண்டு கூடு கட்டியிருந்தா?"

"இருந்தா?"

"இதை அவுக்குற வரைக்கும் அது பொறுத்துக்குமாங்க?"

கதண்டு கொட்டி ஆள் செத்த வட்டாரம் இது. கேள்வியில் நியாயம் இருந்தது. ஏறுவதற்கு முன் கொண்டையை நன்றாக அண்ணாந்து பார்ப்பது, அப்புறம் பெல்ட் போடுவது, போட்டு அவிழ்க்கிற நேரத்துக்கு மரத்துக்குப் பத்து ரூபாய் கூட என்று பேசி முடித்தார்கள்.

மாப்பிள்ளைக்குத் தொங்கு பரணும் நாலு ஏறுகம்பும் சிபாரிசாயின. அவரும் வாங்கி, கம்பில் ஏறி நின்று, கச்சையோடு ஒரு படம் எடுத்து அனுப்பினார். வில் படத்தில் விழவில்லை. போன் அப்போது தோப்புக்காரரின் மனைவி கையில் இருந்தது. அவர் செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடாதவர். மான் சங்கதி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"ஐயையோ, மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சா? மரமேறக் கெளம்பிட்டாரே!"

மான் என்று சொல்வதா, வேலை போனது என்றே விட்டுவிடுவதா என்று தோப்புக்காரர் கொஞ்சம் திணறினார். "வேலை இருக்கு. இது சனி ஞாயிறுல மட்டும்" என்றார்.