நைஸ் என்றொரு அசட்டுச் சொல்

"அவர் ரொம்ப நைஸான மனுஷர்" என்றால் இன்று அது பாராட்டு. எழுநூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் சொல்லியிருந்தால் கைகலப்பாகியிருக்கும். லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். அது பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது நைஸ் என்றால் அசடு என்று பொருள். பிறகு அந்தச் சொல் போடாத வேஷமில்லை: ஒழுக்கங்கெட்ட, கூச்சமுள்ள, எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கிற, கடைசியில் நுணுக்கமான, துல்லியமான. 1755-ல் சாமுவேல் ஜான்சன் அகராதி போட்டபோது இந்த நுணுக்கப் பொருள்தான் முன்னால் நின்றது. 'நல்ல, இனிமையான' என்பது அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தலையெடுத்த புதுப்பணக்காரப் பொருள்.

புதுப்பணக்காரனைக் கண்டால் பழைய மிராசுகளுக்குப் பிடிக்குமா? ஜேன் ஆஸ்டின் இறந்த 1817-லேயே, ஐந்து மாதம் கழித்து வெளிவந்த அவருடைய 'நார்த்தாங்கர் அபே' நாவலில் ஹென்றி டில்னி என்று ஒரு பாத்திரம். கதாநாயகி ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொல்லிவிட, பைண்டிங்கைச் சொல்கிறாயா என்று குத்துகிறான். நேர்த்திக்கும் நாசூக்குக்கும் உரிய சொல்லை இப்படி வானிலைக்கும் நடைக்கும் சேர்த்துத் தேய்க்கிறார்களே என்று அவனுக்கு ஆதங்கம். பாவம், அவன் 'ஆதிப்பொருள்' என்று நினைத்துக் காவல் காத்ததே நடுவில் வந்ததுதான். உண்மையான ஆதிக்குப் போயிருந்தால் அந்தப் புத்தகம் அசட்டுப் புத்தகமாகியிருக்கும். மொழிக்காவலர்கள் எல்லோரும் இப்படித்தான், தங்களுக்கு வசதியான நூற்றாண்டில் இறங்கிக்கொண்டு அதுதான் கடைசி நிறுத்தம் என்பார்கள்.

ஆனால் அவன் ஆதங்கத்தில் ஒரு நியாயம் உண்டு. ஆங்கிலத்தில் இன்று நைஸ் என்பது பெரும்பாலும் சொல்ல ஒன்றுமில்லாதபோது சொல்வது. அதற்கு மறுபடி உத்தியோகம் கொடுத்தது தமிழ் என்பேன். மாவு மில்லில் மிளகாயைக் கொட்டினால் "நைஸா வேணுமா, கொரகொரப்பாவா?" என்று கேட்கிறார்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் குழம்பு கெடும். விரலிடுக்கில் தேய்த்தால் திப்பி தட்டக்கூடாது, அதுதான் நைஸ். ஜான்சன் காலத்து நுணுக்கம் கிட்டத்தட்ட அப்படியே இங்கே உரலில் உட்கார்ந்திருக்கிறது. 'மைய அரை' என்று அழகான தமிழ் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், 'மைய' தாராளமாக வாழட்டும். ஆனால் கூட்டம் முடிவதற்குள் 'நைஸாக' நழுவுகிறவரையும், 'நைஸ் பண்ணி' கைமாற்று வாங்குகிறவரையும் 'மைய'வை வைத்துப் பிடிக்க முடியாது.

இதெல்லாம் அரைகுறை ஆங்கிலம் செய்த வினை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'நைச்சியமாகப் பேசி காரியம் சாதித்தான்' என்பது தமிழில் பழைய வழக்கு. நைச்சியம் 'நீச' என்ற வடசொல்லிலிருந்து வந்தது, தாழ்மை என்று அர்த்தம். வைணவர்கள் பெருமாள் முன்னால் தங்களைக் கடையவராகச் சொல்லிக்கொள்வது நைச்சியம்; அதையே மேலதிகாரி முன்னால் செய்தால் காக்காய் பிடிப்பது. ஆங்கில நைஸ் இங்கே வந்தபோது திண்ணையில் நைச்சியம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது, இரண்டும் ஒட்டிக்கொண்டன என்பது என் ஊகம். சாசனம் காட்டச் சொன்னால் என்னிடம் இல்லை. ஆனால் 'நைஸ் பண்ணுவது' என்ற பொருளுக்கு ஆங்கிலத்தைவிட நைச்சியம்தான் நெருங்கிய சொந்தம். ஒருவன் அறியாதவன், இன்னொருவன் தாழ்ந்தவன். இருவரும் தமிழ்நாட்டில் சேர்ந்து சாமர்த்தியசாலி ஆகிவிட்டார்கள்.

கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணியையும் கூச்சமில்லாமல் எடுத்துப் போட்டுக்கொண்ட ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள், நைஸ் என்ற சொல்லின் கீழே மிளகாய்த்தூளையும் கைமாற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை நைஸாகவே கேட்டுக்கொள்கிறேன்.