முகம் பொருந்தவில்லை

நம் நாட்டில் குழந்தைகள் பசியோடு இருப்பதாகச் சொல்வதெல்லாம் வெளிநாட்டுச் சதி. 2023 உலகப் பசிக் குறியீட்டில் 125 நாடுகளில் நமக்கு 111ஆவது இடம் கொடுத்தார்கள். கணக்கிட்ட முறையே தப்பு என்று அரசு ஒரே போடாகப் போட்டது. பசியும் பயந்து ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை.

சரி, அந்நியன் கணக்கு வேண்டாம். அரசே எடுத்த 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? ஐந்து வயதுக்குள் இருப்பவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 2022க்குள் இதை 25 ஆக்குவோம் என்று 2018இல் போஷன் அபியான் என்ற ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது சபதம் செய்தார்கள். 2022 வந்தது, போனது. சபதம் மட்டும் வளராமல் அப்படியே நிற்கிறது, அந்தக் குழந்தைகளைப் போலவே.

அங்கன்வாடிப் பிள்ளையின் ஒரு நாள் சத்துணவுக்கு 2017இல் விதித்த தொகை 8 ரூபாய். டீக்கடையில் அதற்கு ஒரு டீகூட வராது. 2025 பட்ஜெட்டில்தான் "உயர்த்துவோம்" என்ற வார்த்தையே வந்தது. ஆனால் செப்டம்பர் தோறும் ஊட்டச்சத்து மாதம் தவறுவதில்லை: கோலம், பேரணி, உறுதிமொழி, போட்டோ. கேரட்டை நறுக்கித் தேசியக்கொடி செய்வதற்கு மட்டும் எங்கும் பஞ்சமில்லை.

இப்போது அங்கன்வாடிச் சத்துணவில் நடக்கும் திருட்டை ஒழிக்கிறார்களாம். 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்குத் தாயின் முகத்தைச் செல்போன் ஒப்புக்கொள்ள வேண்டும். "கண்ணைச் சிமிட்டும்மா... வெளிச்சத்துல வந்து நில்லும்மா..." என்கிறார் அங்கன்வாடி டீச்சர். ஆதார் எடுத்தபோது கன்னத்தில் சதை இருந்தது; இப்போது இல்லை. முகம் பொருந்தவில்லை. ஓடிபி போன நம்பரோ வெளியூரில் சித்தாள் வேலை பார்க்கும் புருஷனுடையது. இடுப்பில் இருக்கும் பிள்ளை, டீச்சர் கையிலிருக்கும் பாக்கெட்டையே பார்க்கிறது. அதன் பசியைக் கண்டுபிடிக்க மட்டும் எந்தச் செயலியும் வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்.

கோடிகளில் கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவனை ஒருவரும் கண்ணைச் சிமிட்டச் சொல்லவில்லை. அரைக் கிலோ மாவுக்கு வந்தவள்தான் திருடி.

"சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாம்மா."

நாளைக்கு சர்வர் வந்துவிடும். இரண்டு வயதுக்குள் வளராமல் போன உயரம் வராது.